பாட்டும் பாத்தியதையும்

ஒரு பொருளை நம்முடையது என்று எப்பொழுது சொல்லலாம்? விலை கொடுத்து வாங்கினால் சொல்லலாம். உழைத்துப் பெற்றால் சொல்லலாம். பெற்றோர் விட்டுச் சென்றாலும், ஒருவர் மனமுவந்து கொடுத்தாலும் சொல்லலாம். வீடு வாசல், நகை நட்டு, ஆடு மாடு ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த விடை போதும். பாட்டுக்கும் இது போதுமா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

"பாட்டுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. பாட்டு இல்லாத கைப்பேசி அதனினும் அரிது. வாயில் இடும் சோறு எங்கிருந்து வந்தது, கல்லாவில் விழும் காசு எவ்வழியில் வந்தது என்று கேட்டுப் பழகிய நாம், காதில் விழும் பாட்டு எப்படி வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. ஆகவே இது கேட்கத் தக்க கேள்விதான்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. இசை கேட்பது ஆகுமா ஆகாதா என்பதில் உலமாப் பெருமக்களிடையே நெடுங்காலமாக அபிப்பிராய பேதம் இருந்து வருகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் இதற்கென்றே தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கப் புகவில்லை. இன்ன பாட்டைக் கேட்கலாம் என்று தெளிந்த ஒருவர், அந்தப் பாட்டை எந்த வழியில் அடைய வேண்டும் என்பதே நமது கேள்வி.

இயந்திரம் வருவதற்கு முன்னே பாட்டை யாரும் வைத்துக்கொண்டிருக்க முடியாது. பாடுகிறவர் வந்தால் பாட்டு வரும்; அவர் எழுந்து போனால் பாட்டும் கூடவே போய்விடும். 1902-ம் ஆண்டு பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். அடுத்த ஆண்டே சிங்கப்பூரிலும் செய்தார். அன்று முதல் நம் பக்கத்து ஜனங்களுக்குப் பாட்டு என்பது கையில் பிடித்துக் காசு கொடுத்து வாங்கும் சரக்காயிற்று. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஆகவே தட்டு வாங்கியவர்கள் எல்லாரும், வேண்டியோ வேண்டாமலோ, ஒவ்வொரு பாட்டாகத்தான் சேர்த்தார்கள்.

பிறகு வானொலி வந்தது. லயத்து வீடுகளில் ஒருவர் வைத்த பாட்டைப் பத்து வீட்டார் கேட்டார்கள். ஒலிநாடா வந்தது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுப்பது அதனோடு வந்தது. குறுந்தட்டு வந்தது, அதன் பின்னே எம்பி3 என்னும் கோப்பு வந்தது. நாகூர் இ. எம். ஹனீபா அவர்கள் 1925-ல் பிறந்து 2015-ல் மறைந்தார். அவருடைய ஒரே குரல் இசைத்தட்டில் தொடங்கி, ஒலிநாடாவில் பரவி, குறுந்தட்டில் ஏறி, இன்று கைப்பேசியில் ஒலிக்கிறது. ஒரு மனிதருடைய ஆயுளுக்குள் பாட்டின் உடல் இத்தனை முறை மாறிவிட்டது; அதற்கேற்ற ஒழுக்கம் மட்டும் இன்னும் நம்மிடம் உருவாகவில்லை.

நிற்க. இன்று ஒருவருக்குப் பாட்டு வந்து சேரும் வழிகள் மூன்று.

முதலாவது, மொத்தமாய் அள்ளுவது. சிறு விரல் அளவுள்ள பென்டிரைவ் ஒன்றில் ஆயிரக்கணக்கான பாட்டுகளை நிரப்பிக் காரில் செருகிக்கொள்கிறார்கள். பதினாறு ஜிபி கொள்ளளவில், ஒரு பாட்டுக்கு நான்கு எம்பி என்று வைத்தால், 4,000 பாட்டுகள் அடங்கும். தினம் ஒரு மணி நேரம் கேட்டாலும் அத்தனையையும் ஒருமுறை கேட்டு முடிக்க ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எவருக்கும் அதிலிருந்து ஒரு காசும் போவதில்லை.

இரண்டாவது, வாடகைக்குக் கேட்பது. மாதச் சந்தா செலுத்தினாலும், விளம்பரத்தைச் சகித்துக்கொண்டாலும், கடல் போன்ற பாட்டுத் தொகுதி நமக்குத் திறக்கிறது. ஸ்பாட்டிஃபை 2013-ல் மலேசியாவுக்கு வந்தது. இன்று அதில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று கணக்கிட்டால், இரவு பகல் தூங்காமல் கேட்டாலும் 570 ஆண்டுகள் வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு பாட்டாக விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பது. ஆப்பிள் கம்பெனியின் ஐட்யூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் திறந்தபோது ஒரு பாட்டின் விலை 99 சென்ட். அக்கடை மலேசியாவுக்கு வந்தது 2012-ல். தொடக்கத்தில் இந்தப் பாட்டுகளுக்குப் பூட்டு இருந்தது. 2009-ல் அப்பூட்டு நீக்கப்பட்டது. பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் பாடுகிறவரிடமிருந்தே நேராக வாங்கலாம். ஒரு பாட்டு விற்றால் அத்தளம் எடுத்துக்கொள்வது நூற்றுக்குப் பதினைந்து.

இம்மூன்றாவது வழி இன்று பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். "அத்தா, எல்லாப் பாட்டும் போனிலேயே சும்மா கிடைக்கிறதே, நீங்கள் ஏன் காசு கொடுத்து ஒன்றொன்றாய் வாங்குகிறீர்கள்?" என்று மகன் கேட்கிறான். "தம்பி, சும்மா கிடைக்கிறதென்றால் யாரோ ஒருவர் சும்மா உழைத்திருக்கிறார் என்று அர்த்தம்" என்கிறார் தந்தை. மகன் விடவில்லை. "நான் பிரதி எடுத்தால் அவரிடம் இருந்த பாட்டு குறைந்துவிடுமா, அத்தா?" என்கிறான்.

மகனுடைய கேள்வி அலட்சியம் செய்யத் தக்கதன்று. ஒருவருடைய ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய பட்டியில் ஓர் ஆடு குறைகிறது. பாட்டைப் பிரதி எடுத்தால் எதுவும் குறைவதில்லை. ஆகவே இதைத் திருட்டு என்று சொல்லி வாயை அடைப்பது சரியான விவாதம் ஆகாது. ஆனால் அநியாயத்துக்குத் திருட்டு ஒன்றே உருவமா? தோட்டத்தில் பால் வெட்டியவர் பாலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். கூலி கொடுக்க வேண்டியவர், "உன்னிடமிருந்து நான் ஒன்றும் எடுக்கவில்லையே, உன் கத்தியும் உன்னிடம் இருக்கிறது, உன் கையும் உன்னிடம் இருக்கிறது" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? அங்கே குறைந்தது பொருளன்று. கொடுக்க வேண்டிய கூலி. உழைத்தவருக்குத் தாமதமின்றிக் கூலி கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வற்புறுத்தியிருப்பதை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். கூலிக்காரர் கண்ணெதிரே நிற்காத காரணத்தால் அந்தக் கடமை கரைந்துபோகாது.

எழுத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் உரிய உரிமை கையால் தொட முடியாதது. அதை ஷரீஅத் ஏற்குமா என்ற சந்தேகம் ஒரு காலத்தில் இருந்தது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, இத்தகைய உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்றும், அவற்றை மீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு முந்திய ஆண்டாகிய 1987-ல் இயற்றப்பட்டது. ஆகவே மார்க்கமும் சட்டமும் இவ்விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

இந்த மலாயா மண்ணிலேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடுவதற்காகக் கட்டா பெர்ச்சா என்னும் பிசினை உலகம் தேடிற்று. அப்பிசின் இங்குள்ள தாபான் மரத்தில் கிடைத்தது. எடுத்தவர்கள் மரத்தையே வெட்டிச் சாய்த்து எடுத்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் காடுகளில் அம்மரம் அரிதாகிவிட்டது. ரப்பர் மரத்தின் கதை வேறு. சிங்கப்பூர்ப் பூங்காவில் இருந்த எச். என். ரிட்லி 1890-களில், மரத்துக்குக் கேடில்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் காட்டினார். அந்த முறையினால்தான் ஒரே மரம் பல்லாண்டு பால் கொடுத்தது, தோட்டங்கள் எழுந்தன, நம் முன்னோர் பலர் இங்கு வந்தனர், தோட்டத்தை நம்பிக் கடை வைத்தவர்களும் பிழைத்தனர். மொத்தமாய் அள்ளுவது தாபான் மரத்தை வெட்டியவர் செய்த வேலை. விலை கொடுத்து ஒவ்வொன்றாய் எடுப்பதோ, நாளைக்கும் மரம் நிற்க வேண்டும் என்று நினைப்பவருடைய வேலை.

"நாம் கொடுக்கும் காசு பாடியவருக்கா போகிறது? இடையிலுள்ள கம்பெனிக்கல்லவா போகிறது?" என்பது அடுத்த ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில், சினிமாவுக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டின் உரிமை படத் தயாரிப்பாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்தது. 2012-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று ஏற்பட்டது. இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் இதிலிருந்து என்ன பெறப்படுகிறது? கங்காணி கூலியில் பிடித்துக்கொள்கிறார் என்பதற்காகத் தோட்டத்தார் கூலியே கொடுக்க வேண்டாம் என்று யாராவது சொன்னதுண்டா? பிடித்தத்தை நிறுத்து என்றல்லவா சங்கம் கேட்டது! உழைத்தவர் கைக்கு அதிகம் சேரும் வழி எது என்று தேடி, அவ்வழியில் வாங்குவதே இந்த ஆட்சேபத்துக்கு ஏற்ற மறுமொழி.

அப்படியானால் வாடகைக்குக் கேட்பது தவறா? தவறன்று. அது சட்டத்துக்கு உட்பட்டது. ஏழைக்கும் எட்டக் கூடியது. அதில் உரிமையாளருக்குப் பங்கும் போகிறது. எனினும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை, முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கு கொடுப்பதில்லை. பெரிய பாடகருக்கு ஆயிரம் என்பது ஒரு பொருட்டே அன்று. ஆனால் மீலாது மேடையில் பாடும் ஒருவர், தாமே செலவு செய்து பதிந்த பாட்டை ஊர் ஜமாஅத்தார் எண்ணூறு தடவை ஆசையோடு கேட்டாலும், அவர் கைக்கு வருவது சூனியம். அவர்களில் இருபது பேர் அதே பாட்டை விலைக்கு வாங்கினால் இருபது பேருடைய பணமும் கணக்கில் ஏறும். இது முதலாவது. இரண்டாவது, வாடகை வீட்டில் ஆணி அடிக்க நமக்கு அதிகாரமில்லை. வீட்டுக்காரர் சொன்னால் வெளியேற வேண்டும். நேற்றுக் கேட்ட பாட்டு இன்று தொகுதியில் இல்லாமல் போனால் கேள்வி கேட்க நமக்குப் பாத்தியதை கிடையாது.

இனி, ஒவ்வொன்றாய்ச் சேர்ப்பதன் உள்ளார்ந்த பயன் என்ன என்று பார்ப்போம். மெதுவாகச் செய்வதாலேயே ஒரு காரியம் நல்லதாகிவிடாது. பணமுள்ளவர் தினம் பத்துப் பாட்டு வாங்கி ஒன்றையும் கேட்காமல் விடலாம். ஒன்றையுமே சொந்தமாக வைத்திராத ஒரு மூதாட்டி, வானொலியில் எப்போதோ வரும் பாட்டுக்காக அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காரலாம். பாட்டின்மேல் உள்ள அன்பில் அந்த மூதாட்டியே உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆகவே உடைமை அன்பைக் கொடுக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றாய் வாங்குவது ஒரு கேள்வியைக் கொடுக்கிறது என்றே சொல்கிறோம். காசை எடுக்கும்போது, "இது எனக்கு வேண்டுமா? திரும்பக் கேட்பேனா? என் பிள்ளைகள் இருக்கும்போது இதைப் போடுவேனா?" என்று மனம் ஒரு கணம் நின்று கேட்கிறது. நாலாயிரத்தை ஒரே நொடியில் நிரப்பிக்கொண்டவருக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூட எழுவதில்லை. வாரம் ஒரு பாட்டு வாங்குபவர் பத்து ஆண்டில் ஐந்நூற்றிருபது பாட்டுகள் சேர்த்திருப்பார். கூடவே ஐந்நூற்றிருபது முறை தம் மனத்தைத் தாமே விசாரித்தும் இருப்பார். வீண் விரயத்தை வெறுக்கும் நமக்கு அந்த விசாரணை பெரிதல்லவா?

கொடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "என்னிடம் இருக்கிறது, நீயும் எடுத்துக்கொள்" என்று நண்பருக்கு முழுத் தொகுதியையும் பிரதி செய்து கொடுப்பவர், தம்மைத் தாராள மனத்தினர் என்று எண்ணிக்கொள்கிறார். இசைத்தட்டைக் கொடுத்தவர் தம் தட்டை இழந்தார், அது கொடை. கோப்பைப் பிரதி செய்து கொடுத்தவர் எதையும் இழக்கவில்லை. தன் கையிலிருந்து குறையாத கொடை யார் கையிலிருந்து குறைந்தது என்று யோசிக்க வேண்டும். நண்பரை வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, நாம் வாங்கிய பாட்டைக் கூட உட்கார்ந்து கேட்க வைக்கலாம். அவருக்காக இன்னொரு பிரதியை விலைக்கு வாங்கியும் கொடுக்கலாம். இவை பழுதற்ற வழிகள்.

எங்குமே விற்பனைக்கு இல்லாத பாட்டை என்ன செய்வது? இதுவே மிகக் கடினமான இடம். கம்பெனி மூடிப்போயிற்று, எழுதியவருடைய வாரிசுகள் யார் என்று தெரியவில்லை, பழைய ஒலிநாடா ஒன்று மட்டும் ஒரு பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. பெரிய நிறுவனங்கள் காப்பாற்றும் என்று நம்பியிருக்கவும் முடியாது. 2008-ல் யுனிவர்சல் நிறுவனத்தின் கிடங்கில் பற்றிய தீயில் திரும்பப் பெற முடியாத மூலப் பதிவுகள் அழிந்தன. மைஸ்பேஸ் தளம் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பலர் ஏற்றிவைத்த பாட்டுகளை இழந்துவிட்டதாக 2019-ல் தெரியவந்தது. நம் நாட்டுச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியானதிலிருந்து 50 ஆண்டு நிற்கிறது; பாட்டெழுதியவருடைய உரிமையோ அவர் மறைந்த பின்னும் 50 ஆண்டு நிற்கிறது. ஆகவே பழைய பதிவு என்பதனாலேயே எல்லாப் பாத்தியதையும் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை.

இதற்கு நம் ஃபிக்ஹில் கண்டெடுத்த பொருளைப் பற்றிய விதி ஒரு வழி காட்டுவதாக எமக்குத் தோன்றுகிறது. வழியில் கிடந்த பொருளை எடுத்தவர் அதைப் பாதுகாக்க வேண்டும். உடையவர் யார் என்று ஓராண்டு அறிவிக்க வேண்டும். ஒருவரும் வராவிட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம். பிற்பாடு உடையவர் வந்தால் அதைக் கொடுத்துவிட வேண்டும். அழியும் பாட்டைப் பிரதி எடுத்துக் காப்பவருக்கும் இம்மனப்பான்மை வேண்டும். எடுத்தது என்னுடையதென்று விற்கக் கூடாது. பெயரை மறைக்கக் கூடாது. உடையவர் வந்தால் கணக்குத் தீர்க்க ஆயத்தமாயிருக்க வேண்டும். இது ஒப்புமையே தவிர ஃபத்வா அன்று. முடிவான தீர்ப்பை ஆலிம்களிடமே கேட்டறிய வேண்டும்.

கடைசியாக, மௌத்து. ஒருவர் மறைந்தால் அவருடைய சொத்து, கடன் தீர்த்து, வஸிய்யத் நிறைவேற்றி, வாரிசுகளுக்குப் பங்கிடப்படுகிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. இருபது ஆண்டு பார்த்துப் பார்த்து வாங்கிய பாட்டுத் தொகுதியில் எட்டில் ஒன்று எது? ஆப்பிள் கம்பெனி 2021-ல், ஒருவர் மறைந்த பின் அவர் நியமித்தவர் அவருடைய படங்களையும் குறிப்புகளையும் பெற ஏற்பாடு செய்தது. வாங்கிய பாட்டுகளை அதில் சேர்க்கவில்லை. "வாங்கு" என்று எழுதிய பொத்தானை அழுத்தி நாம் பெற்றது, சட்டத்தின் கண்ணில், கேட்பதற்கான அனுமதி மாத்திரமே. தட்டை விட்டுச் செல்லலாம், ஒலிநாடாவை விட்டுச் செல்லலாம். அனுமதியை விட்டுச் செல்ல முடியாது. முழு விலை வாங்கிக்கொண்டு அரை உரிமை கொடுப்பது நேர்மையான வியாபாரமா என்று கேட்கும் பாத்தியதை வாங்குகிறவருக்கு உண்டு. பாடுகிறவருடைய ஹக்கைப் பேணுவது எப்படி நம் கடமையோ, அப்படியே வாங்கியவருடைய ஹக்கைப் பேணுவது விற்பவருடைய கடமை. நீதி ஒரு பக்கத்தாருக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று.

ஆகவே செய்யத் தக்கவை இவை. அள்ளுவதை விட்டு, வேண்டியதை வாங்குவோம். பூட்டில்லாத கோப்பாகத் தரும் கடையைத் தேடி வாங்குவோம். வாங்கிய பாட்டில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைப் பதிந்து வைப்போம். பெயரற்ற பாட்டு அநாதைக்குச் சமம். இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவோம். வீட்டாருக்கு அது இருக்குமிடத்தைச் சொல்லி வைப்போம். நம் பகுதியில் பாடுகிறவர்களுடைய பாட்டை, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே விலைக்கு வாங்குவோம்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் போய், செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டார்கள். நிலம் அவர்களுடையதாக இருந்ததில்லை. வீடும் அவர்களுடையதாக இருந்ததில்லை. அவர்கள் கூடவே எடுத்துச் சென்றவற்றில் பாட்டும் ஒன்று. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லாத ஒரு சமூகம் தன் பாட்டை நேர்வழியில் வாங்கி, பெயர் எழுதி, பிள்ளைகளிடம் ஒப்படைக்க விரும்பினால் அது அற்ப ஆசையாகாது. அந்த ஒப்படைப்பில் பிறருடைய கூலி ஒரு காசும் கலந்திருக்கலாகாது என்பதே நாம் வேண்டுவது.